பட்டியலில் இறந்தவர்கள்

அம்மா இறந்துவிட்டாள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவள் ஹெல்மெட் அக்கா. அவள் அதைச் சொன்னபோது அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, வார்டு ஆபீஸ் சுவத்துல வாக்காளர் பட்டியல் ஒட்டியிருக்காங்க. உன் பேரை அடிச்சிட்டாங்க. பக்கத்துல 'இறந்தவர்'னு போட்டிருக்கு."

அம்மா நகவெட்டியை நிறுத்தவில்லை. "எப்போ செத்தேன்னு தேதி இருக்கா?"

"தேதியெல்லாம் இல்ல."

"இருந்தா நல்லா இருந்திருக்கும். அன்னிக்கு எனக்குக் காலை டூட்டியா, மதிய டூட்டியான்னு பாத்திருப்பேன். செத்துட்டு வேலைக்கு வேற போயிருக்கேன் பாரு, என் நேரம்."

அம்மாவுக்கு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்புகளை மடிப்பாள். வீட்டில் என் துப்பட்டாவைக்கூட அவள் மடித்தால் செங்கல் மாதிரி நிற்கும். அவளுக்கு வாழ்க்கையில் ஒரு பெருமை உண்டு. ஓட்டுப் போடும் நாளில் எங்கள் வாக்குச்சாவடியில் முதல் ஆளாகப் போய் நிற்பாள். கதவு திறப்பதற்கு முன்பே நிற்பாள். "அந்த ஒரு நாள்தான் யாரும் என்னை 'ஏய், இந்தாம்மா'ன்னு கூப்பிடாம முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க" என்பாள். அதனால் அவள் சிரித்துப் பேசினாலும், நகத்தை வெட்டி முடித்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன். இன்னும் பேர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஹெல்மெட் அக்கா என் பெரியம்மா மகள். ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவள். ஹெல்மெட்டைத் தலையில் வைத்திருப்பாள், இல்லாவிட்டால் முழங்கையில் மாட்டியிருப்பாள். அடுத்த மாதம் வார்டு தேர்தல். எங்கள் தெருவில் கழிவுநீர் வருஷத்தில் எட்டு மாதம் வாசலில் நிற்கிறது. மூன்று முறை ஜெயித்த உறுப்பினர் மூன்று முறையும் அதைத் தாண்டிக் குதித்துத்தான் ஓட்டுக் கேட்க வந்தார். இந்தத் தடவை தெருவிலிருக்கும் இளவட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஹெல்மெட் அக்காவை நிறுத்தியிருக்கிறார்கள். போன முறை உறுப்பினர் ஜெயித்தது வெறும் ஐம்பத்தொரு ஓட்டில். இப்போது எங்கள் தெருவில் மட்டும் அறுபத்துநான்கு பேர் ஒரே வாரத்தில் இறந்திருக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் நான் மோசம்தான். ஆனால் இது எனக்கே புரிந்தது.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்" என்றான் வக்கீல், அன்று சாயங்காலம் தெருமுனையில் நாங்கள் எல்லாரும் கூடியபோது. அவன் இன்னும் வக்கீல் ஆகவில்லை, சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. நாலாம் வகுப்பிலேயே டீச்சரிடம் விதி பேசியதால் வந்த பேர். "அதுக்குள்ள ஒவ்வொருத்தரும் நேர்ல போய், உயிரோட இருக்கோம்னு காட்டணும். ஆனா ஒரு நாளைக்குப் பதினஞ்சு பேரைத்தான் விசாரிப்பாங்களாம். இன்னிக்குத் திங்கள். இன்னிக்கு டோக்கன் முடிஞ்சுபோச்சு."

"நாலு நாள், அறுபது பேர்" என்றாள் அக்கா. "மிச்சம் நாலு பேரு செத்தது செத்ததுதானா?"

"வியாழக்கிழமை ஆபீஸ் லீவு. அதனால பத்தொன்பது பேர்."

"டேய், நீ எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

எல்லாரும் சிரித்தார்கள். என்னைத் தவிர. எனக்குச் சிரிப்பு வந்தாலும் சத்தம் வராது. தெருவில் என் பேர் மியூட். பத்தாவதோடு படிப்பை விட்டவள். வீட்டில் கஷ்டம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறோம், அது பொய்யும் இல்லை. ஆனால் வகுப்பில் எழுந்து நின்று வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

நான் வேலை பார்ப்பது வார்டு ஆபீஸுக்கு நேரெதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில். வாய் தேவைப்படாத வேலை. எத்தனை காப்பி என்று அவர்கள் சொல்வார்கள், நான் தலையாட்டுவேன். முதலாளி முதல் நாளே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். "எழுத்தைப் பாக்காதே, ஓரத்தைப் பாரு." தாள் நேராக இருக்கிறதா, ஓரம் வெட்டுப்படுகிறதா, அவ்வளவுதான் நாங்கள் பார்க்க வேண்டியது. விவாகரத்து மனு வரும், ரத்தப் பரிசோதனைச் சீட்டு வரும், உயில் வரும். படித்தால் முகம் மாறும். முகம் மாறினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். நான் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டேன். நாள் முழுக்க எழுத்துகள் என் கையில் புரண்டாலும் நான் பார்ப்பது நாலு விளிம்புகளைத்தான்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வக்கீல் கடைக்கு வந்தான். கூடவே வார்டு ஆபீஸ் எழுத்தர், கையில் ஒரு கட்டு. இறந்துவிட்டார்கள் என்று யாரோ மனு கொடுத்ததால்தான் பேர்களை அடித்திருக்கிறார்கள். அந்த மனுக்களின் நகலைக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். வக்கீல் விதி எண்ணோடு எழுதிக் கேட்டிருக்கிறான். ஆபீஸ் இயந்திரம் மூன்று மாதமாக ரிப்பேர். அதனால் எழுத்தர் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்திருக்கிறார்.

"சீக்கிரம் அடிம்மா. ஒரு தாள் காணாமப் போனா என் தலைதான் உருளும்" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் இயந்திரத்தின் கண்ணாடியில் வலது மேல் மூலையில் ஒரு கீறல் உண்டு. தலைமுடி அளவுக்குத்தான். ஒவ்வொரு நகலிலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கறுப்புக் கோடு விழும். புதுக் கண்ணாடி மாற்ற முதலாளிக்கு மனசு வரவில்லை. முதல் மனுவை வைத்து அடித்தேன். நகலை எடுத்து ஓரம் பார்த்தேன். வலது மூலையில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடுகள் இருந்தன, அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்ததை அடித்தேன். அதிலும் இரண்டு.

மூலத்தைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்தர் கொண்டுவந்த மனுவிலேயே ஒரு கோடு இருந்தது. அதாவது அந்தத் தாள் ஏற்கெனவே எங்கள் கண்ணாடியில் படுத்து எழுந்த தாள். அதன் பிறகுதான் நான் ஓரத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்தேன். இன்னார், இந்தக் கதவு எண், இறந்துவிட்டார், பெயரை நீக்கவும். பேரும் எண்ணும் நீலப் பேனாவில். அடியில் மனுதாரர் கையெழுத்து கறுப்பில். தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினேன். பேர் எழுதிய இடத்தில் பேனா அழுத்திய தடம் பிரெய்ல் எழுத்து மாதிரி விரலில் தட்டுப்பட்டது. கையெழுத்து இருந்த இடம் வழவழவென்றிருந்தது. அங்கே பேனா படவே இல்லை.

வெற்றுப் படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டு, அதை நகலெடுத்து, பேர்களை மட்டும் பிறகு நிரப்பியிருக்கிறார்கள். நகலெடுத்தது யார்? போன மாதம் நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். உறுப்பினரின் ஆள். ஒரே ஒரு தாளைக் கொடுத்து, "எழுபது அடி" என்றார். நாற்பதாவதில் தாள் சிக்கிக்கொண்டது. அதனால் நினைவிருக்கிறது. நான் ஓரத்தைப் பார்த்தேன். நேராக இருந்தது. எழுபதையும் தட்டி அடுக்கி, கிளிப் போட்டு, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினேன்.

முப்பத்தொன்றாவது மனுவில் அம்மா பேர் இருந்தது. அதையும் வைத்து அடித்தேன். கண் பேரிலேயே இருந்ததால் அது கொஞ்சம் கோணலாக விழுந்தது. கடையில் சேர்ந்த இரண்டு வருஷத்தில் நான் கோணலாக அடித்த முதல் தாள் அதுதான்.

வக்கீலிடம் அப்போதே சொல்ல நினைத்தேன். எழுத்தர் இருந்தார், முதலாளி இருந்தார். சொல்லவில்லை. புதன்கிழமை அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, அவள் முகம் தெரியாத அந்தத் தைரியத்தில், காற்றுக்குள் சொன்னேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"மறுபடி சொல்லு."

சொன்னேன்.

"நீதான் அடிச்சுக் கொடுத்தியா?"

"ம்."

"சித்தியை நீயே கொன்னிருக்கே. அதுவும் சுத்தமா, கிளிப் போட்டு." அவளுக்குக் கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "அடியே மியூட், இது போதும்டி! ஒவ்வொரு மனுவுலயும் கையால கையெழுத்துப் போடணும்னு வக்கீல் கத்திக்கிட்டே இருக்கான். அறுபத்துநாலையும் ஒரே அடியா தூக்கிப் போடலாம். ஆனா ஒண்ணு. அங்க வந்து இதை நீ சொல்லணும்."

"நீயே சொல்லிடு."

"நான் சொன்னா, தேர்தல்ல நிக்கிறவ கதை கட்டுறான்னுவாங்க. மெஷினை ஓட்டினவ நீதானே."

நான் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் வண்டியைக் கிளப்பினாள். வழியில் இரண்டு தடவை ஹாரன் அடித்தாள், முன்னால் யாருமே இல்லாதபோது.

முதலாளியிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சொன்னேன். அவர் பெட்டியிலிருந்து தாள் கட்டை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தக் கடை யாரு கட்டடம்? வார்டு கட்டடம். உறுப்பினர் நாளைக்கே காலி பண்ணச் சொல்வான். என் பொழைப்புல மண்ணை அள்ளிப் போடாதேம்மா. உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

அவர் குறை வைக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "எங்க அம்மா சார்" என்றேன். வேறு வாக்கியம் எதுவும் கிடைக்கவில்லை.

"நீ போனா, திரும்பி இங்க வராதே."

நான் கடைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

விசாரணை அறை நீளமாக இருந்தது. ஒரு மேசை, மின்விசிறி, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினைந்து பேருக்குப் போட்ட நாற்காலிகள். வந்திருந்தவர்களோ அறுபத்தொரு பேர். செவ்வாயும் புதனும் விசாரித்தவர்களுக்கும் இன்னும் முடிவு சொல்லாததால் அவர்களும் வந்திருந்தார்கள். இளவட்டங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். ஒவ்வொருவர் சட்டையிலும் ஊக்கு குத்தி ஒரு தாள். அதில் பெரிய எழுத்தில் 'இறந்தவர்', கீழே பட்டியல் எண். நடக்க முடியாத ஒரு தாத்தாவை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். மீதி மூன்று பேர் வெளியூர் வேலையில் இருந்தார்கள். அவர்கள் வீடியோ அழைப்பில் மூன்று போன்களில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனிலும் எண் ஒட்டியிருந்தது.

அதிகாரி உள்ளே வந்து நின்றார். "என்ன இது? நாடகமா?"

"இல்ல சார்" என்றாள் அம்மா. அவள் எண் முப்பத்தொன்று. "நாங்க செத்தவங்க. விசாரணைக்குக் கூப்பிட்டீங்களாம்."

"டோக்கன் இருக்கிறவங்க மட்டும் உக்காருங்க. மத்தவங்க வெளியே போங்க."

"செத்தவங்களை வெளியே போகச் சொன்னா எங்க சார் போவாங்க?" என்றார் தாத்தா. சிரிப்பில் அறை அதிர்ந்தது. அதிகாரியின் பக்கத்திலிருந்த எழுத்தர் குனிந்து எதையோ தேடுவதுபோல நடித்தார்.

வக்கீல் எழுந்தான். விதி எண், உட்பிரிவு, எல்லாம் சொன்னான். குரல் முதலில் கீச்சென்று வந்தது, பிறகு சரியானது. மனு ஒவ்வொன்றிலும் மனுதாரர் தன் கையால் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், இதில் ஒன்றில்கூட அப்படி இல்லை என்றான்.

"கையெழுத்து இருக்கே, கண்ணு தெரியலையா?" என்றார் அதிகாரி. கதவோரம் நின்றிருந்த நீலச் சட்டைக்காரர் சிரித்தார். இன்று அவர் சட்டை வெள்ளை. ஆனாலும் எனக்கு அவர் நீலச் சட்டைக்காரர்தான்.

"அது நகல் சார். அடிச்சவங்களே வந்திருக்காங்க" என்று சொல்லி வக்கீல் என்னைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். அறுபத்தொரு முகம், மூன்று போன்.

நான் எழுந்தேன். வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்த அதே கதை. அதிகாரி, "சொல்லும்மா, நேரமாகுது" என்றார். நீலச் சட்டைக்காரர், "பாவம், ஊமை போல" என்றார்.

"ஊமையாம்!" என்றாள் அம்மா. "வீட்டுல வந்து பாரு."

அம்மா சொன்னது பச்சைப் பொய். வீட்டிலும் நான் பேசுவதில்லை. என்னைக் காப்பாற்ற ஒரு பிணம் பொய் சொல்கிறது என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கால் நகர்ந்தது. பேசுவதற்குப் பதில் நேராக மேசைக்குப் போனேன். "சார், ரெண்டு மனு கொடுங்க" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, கொடுத்தார்.

இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஓரம் தட்டி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். வெயில் பின்னாலிருந்து வந்தது. இரண்டு பேர்கள் ஒன்றின்மேல் ஒன்று குழம்பித் தெரிந்தன. கையெழுத்து மட்டும் ஒரே கையெழுத்தாக நின்றது. சுழி, கோடு, புள்ளி எதுவும் பிசகவில்லை.

"இன்னும் ரெண்டு கொடுங்க."

நாலும் அப்படியே.

"மனுசன் நாலு தடவை கையெழுத்துப் போட்டா நாலு விதமா வரும் சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மெஷின் போட்டாத்தான் இப்படி வரும். பின்னாடி தடவிப் பாருங்க. பேர் எழுதின இடம் தட்டுப்படும். கையெழுத்து தட்டுப்படாது. மேல் மூலையில முடி மாதிரி ஒரு கோடு இருக்கும், அது எங்க கடைக் கண்ணாடியில இருக்கிற கீறல். போன மாசம் இவர் வந்து ஒரு தாளைக் கொடுத்து எழுபது கேட்டார். நான்தான் அடிச்சேன். படிக்காம அடிச்சேன். அது என் தப்பு."

நீலச் சட்டைக்காரர் முன்னால் வந்தார். "யோசிச்சுப் பேசு. நீ அடிச்சேன்னு நீயே சொல்றே. கேஸ் போட்டா உன் மேலயும் வரும்."

"வரட்டும்" என்றேன். "நான் அடிச்சதை நான் சொல்லிட்டேன். யாரு அடிக்கச் சொன்னாங்கன்னு இப்ப நீங்க சொல்லுங்க."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தாளின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு தாள், இன்னொரு தாள். எழுத்தரும் தானாகவே ஒன்றை எடுத்துத் தடவினார்.

"இதை எழுதிக் கொடு" என்றார் அதிகாரி கடைசியில்.

எழுதுவது எனக்குக் கஷ்டமே இல்லை. ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "சரி, மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறேன். முடிவு வந்ததும் சொல்லி அனுப்புவோம்" என்று பேனாவை மூடினார்.

மூன்றரை மணி. ஐந்து மணியோடு பட்டியல் இறுதியாகிவிடும். மேலிடத்தின் முடிவு வரும்போது தேர்தலே முடிந்திருக்கும். அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. யாரும் கத்தவில்லை. ஹெல்மெட் அக்கா ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வக்கீல் உட்கார்ந்தான். பிறகு அறுபத்தொரு பேரும் உட்கார்ந்தார்கள். இடமில்லாதவர்கள் நடைவழியில் உட்கார்ந்தார்கள். நான் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்" என்றார் அதிகாரி.

"கூப்பிடுங்க சார்" என்றாள் அக்கா. "வந்து யாரைப் புடிப்பாங்க? எல்லாரும் செத்தவங்கன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க."

போனிலிருந்த மூன்று பேரில் ஒருவன், "அக்கா, எனக்கு அஞ்சு பர்சென்ட்தான் சார்ஜ் இருக்கு, நான் ரெண்டாவது தடவை சாகப் போறேன்" என்றான். யாரோ சார்ஜரைத் தேடி எழுத்தரிடமே வாங்கிக் கொடுத்தார்கள்.

நாலு மணி. நாலே கால். அதிகாரி இரண்டு முறை போனில் பேசினார். நீலச் சட்டைக்காரர் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. வக்கீல் விதிப் புத்தகத்தை, படித்த பக்கத்தோடு, மேசையில் அதிகாரியின் பக்கம் திருப்பி வைத்தான். கையெழுத்தில்லாத மனுவைத் தள்ளுபடி செய்ய மேலிடம் தேவையில்லை, விசாரணை அதிகாரியே செய்யலாம் என்று அதில் இருந்தது. அவர் அதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி படித்தார்.

நாலே முக்காலுக்குப் பதிவேட்டைத் திறந்தார். அறுபத்துநான்கு மனுக்களும் கையெழுத்தில்லாததால் தள்ளுபடி என்று எழுதினார். ஒவ்வொரு பேரையும் வாசித்துப் பதிய வேண்டுமாம். வாசித்தார். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள். சிலர் மெதுவாக, சிலர் வேண்டுமென்றே உரக்க. முப்பத்தொன்றாவதாக அம்மாவின் முழுப் பேரை வாசித்தபோது அவள் எழுந்து நின்றாள். நெஞ்சிலிருந்த தாளைக் கழற்றி நாலாக மடித்தாள், மூலைக்கு மூலை பொருந்த. அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் "இருக்கேன்" என்றாள்.

கடைசிப் பேர் முடிந்ததும் அதிகாரி பதிவேட்டை மூடப் போனார். வக்கீல் அழுதுகொண்டிருந்தான், மூக்கு ஒழுகுகிறது என்று சொல்லிச் சமாளித்தான். எல்லாரும் எழுந்து ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டு நின்றார்கள். நான் மேசைக்கு முன்னாலேயே நின்றேன்.

"இன்னும் என்னம்மா?"

"ஒரு படிவம் வேணும் சார்."

"எதுக்கு? அதான் எல்லாம் முடிஞ்சுதே."

"புதுசா பேர் சேர்க்க. எனக்கு. பதினெட்டு ஆயிடுச்சு."

"நேரம் முடிஞ்சுது. அடுத்த தடவை பாக்கலாம்."

சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். "நாலு நிமிஷம் இருக்கு சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் மறுபடி உட்காரத் தொடங்கியிருந்தவர்களைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்தார்.